இணையத்துக்கும் ஓர் இருப்புப் பதிவேடு

சில ஆண்டுகளுக்கு முன்பு ஏழாம் வகுப்பு மாணவர்களிடம், 'சோழர் கால ஊராட்சியைப் பற்றி இணையத்தில் தேடி ஒரு பக்கம் எழுதி வாருங்கள்' என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் என் மேசையில் சேர்ந்த நாற்பது தாள்களில் முப்பதுக்கு மேல் ஒரே பக்கத்தின் அச்சுப்படிகள். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டர்காரர், முதலில் வந்த பிள்ளைக்குத் தேடி எடுத்ததையே பின்னால் வந்த எல்லோருக்கும் அச்சடித்துக் கொடுத்துத் தாளுக்குப் பத்து ரூபாய் வாங்கியிருக்கிறார். சில தாள்களின் அடியில் திருமண மண்டப விளம்பரமும் சேர்ந்து அச்சாகியிருந்தது. பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'தேடி எழுது' என்றால் என்ன செய்ய வேண்டும் என்று நான் அவர்களுக்கு ஒரு நாளும் சொல்லித் தந்ததில்லை.

அதைச் சொல்லித் தருவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். பாடம் நடத்துவதோடு நூலகப் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்கும் ஆசிரியர்களையும், வகுப்பறையில் இணையத்தை முதன்முதலாகப் பயன்படுத்திப் பார்க்க நினைப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கணினி அறிவு பெரிதாக வேண்டியதில்லை. கைப்பேசியில் ஒன்றைத் தேடி எடுக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு சிறு தெளிவு. இணையம் என்பது உலகெங்கும் உள்ள கணினிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் வலைப்பின்னல். நாம் திறந்து படிக்கும் பக்கங்களாலான 'வலை', அதன்மேல் ஓடும் பல சேவைகளுள் ஒன்று. சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் இந்த வலையை முன்மொழிந்தபோது, அவர் முன் நின்ற சிக்கல் எந்த நூலகருக்கும் பழக்கமான ஒன்றே: ஆவணங்கள் ஏராளமாக இருந்தன, ஆனால் வேண்டியது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஓர் ஆவணத்தில் இருக்கும் சொல்லைத் தொட்டால் அதோடு தொடர்புடைய இன்னோர் ஆவணம் திறக்கும்படி இணைப்புகளை அமைப்பது அவர் கண்ட வழி. அந்த வழியால் ஆவணங்கள் இணைந்தன. ஆனால் அவற்றைத் தரம் பார்த்துச் சேர்ப்பதும், பொருள்வாரியாக அடுக்குவதும், பழையவற்றைக் கழிப்பதும் யாருடைய வேலையாகவும் ஆகவில்லை. எவரும் எதையும் ஏற்றலாம். ஏற்றியவர் நாளைக்கே எடுத்துவிடவும் செய்யலாம்.

பள்ளி நூலகம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், இரண்டு பீரோவும் ஒரு மேசையுமே அதன் சொத்தாக இருந்தாலும், அந்த வேலைகள் அங்கே நடக்கின்றன. ஒவ்வொரு நூலும் இருப்புப் பதிவேட்டில் எண் பெற்றே உள்ளே வருகிறது. ஆசிரியர் யார், வெளியிட்டவர் யார், எந்த ஆண்டு, விலை என்ன என்பதெல்லாம் அதில் ஏறுகின்றன. யார் எடுத்துப் போனார்கள் என்பதை வழங்கல் பதிவேடு சொல்கிறது. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவதாக, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்றார். ஒரு பாடவேளை நாற்பது அல்லது நாற்பத்தைந்து நிமிடம். அதில் தேடுபொறியைத் திறந்து, விளம்பரங்களைத் தாண்டி, இயங்காத பக்கங்களை மூடி, பொருத்தமான ஒன்றைக் கண்டடைவதற்குள் மணி அடித்துவிடும். நூலகத்தின் ஒழுங்கை இணையத்துக்குக் கடன் கொடுத்தால் அந்த நேரம் மிஞ்சும்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, இணையத்துக்கும் ஓர் இருப்புப் பதிவேடு தொடங்குங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. அதில் வரிசை எண், பக்கத்தின் பெயரும் முகவரியும், அதை நடத்துபவர் யார், எந்த வகுப்பின் எந்தப் பாடத்துக்கு உதவும், கடைசியாகத் திறந்து சரிபார்த்த நாள் என்ற பத்திகள் இருந்தால் போதும். மாதத்துக்கு ஐந்து பதிவுகள் ஏறினாலே ஆண்டு முடிவில் ஐம்பதைத் தொடும். ஐம்பது நல்ல பக்கங்கள் ஒரு பள்ளிக்குச் சிறிய சேகரம் இல்லை. 'நடத்துபவர் யார்' என்ற பத்தியை நிரப்ப முடியாத பக்கத்தை நான் பதிவேட்டில் ஏற்றுவதில்லை. பதிப்பகத்தின் பெயரே இல்லாத நூல் ஒன்றை யாராவது நன்கொடையாகத் தந்தால் எவ்வளவு தயங்குவோமோ அந்தத் தயக்கம் இங்கேயும் வேண்டும்.

பதிவேடு எப்படிப் பயன்படுகிறது என்பதை அந்தச் சோழர் கால ஊராட்சிப் பாடத்தைக் கொண்டே காட்டுகிறேன். உத்திரமேரூர்க் கல்வெட்டையும் குடவோலை முறையையும் பாடநூல் சில வரிகளில் சொல்லிவிடுகிறது: தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்து, உறுப்பினர்களைத் தேர்ந்தார்கள். பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஆனால் அந்தச் சில வரிகளுக்குப் பின்னால் கல்லில் வெட்டிய நீண்ட ஆவணம் ஒன்று இருக்கிறது. அது இன்னும் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், பார்க்கக் கிடைக்கிறது. எல்லா வகுப்பையும் பேருந்தில் ஏற்றி அங்கே அழைத்துப் போக முடியாது. அந்தச் சுவரை வகுப்பறைக்குக் கொண்டுவர இணையத்தால் முடியும்.

முதல் நாள் நான் காட்டியது ஒரே ஒரு படம். எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்களின் தொகுப்பான விக்கிமீடியா பொதுவகத்திலிருந்து முன்பே பதிவிறக்கி வைத்திருந்த கல்வெட்டுப் படத்தைப் புரொஜெக்டரில் பெரிதாக்கிக் காட்டி, எதையாவது படிக்க முடிகிறதா என்று கேட்டேன். பத்தாம் நூற்றாண்டுத் தமிழெழுத்து பிள்ளைகளுக்கு முதலில் கோலம் போலத் தெரிந்தது. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு ஒருத்தி ஓர் எழுத்தைச் சுட்டி 'இது ர மாதிரி இருக்கிறது' என்றாள், பின்னிருக்கைகளிலிருந்து நாலைந்து பேர் எழுந்து திரைக்கு அருகில் வந்துவிட்டார்கள். அதற்கு மேல் அன்று இணையம் தேவைப்படவில்லை. மீதி நேரம் முழுவதும் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுவதிலேயே போனது: யார் வெட்டச் சொன்னது, ஏன் கோயில் சுவரில், யாரெல்லாம் நிற்கலாம், பெண்கள் நின்றார்களா, எடுத்த சிறுவன் ஏமாற்றினால் என்ன செய்வது. பாடநூலில் கேள்வி பிறந்த பிறகே தேடல் தொடங்க வேண்டும் என்பதை நான் அன்றுதான் உறுதியாகக் கற்றுக்கொண்டேன். கேள்வி இல்லாமல் தேடப்போன பிள்ளைக்கு முதலில் திறக்கும் பக்கமே விடையாகிவிடும். நாற்பது தாள் கதையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் நாள் குழுக்களாகப் பிரித்துத் தேடவிட்டேன். பள்ளியில் இணைய வசதியோடு இயங்கிய கணினிகள் நான்கு. குழுவுக்குப் பத்துப் பேர். ஒரு குழு, வேட்பாளரின் வயது 35 முதல் 70 வரை இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தது. இன்னொரு குழு 30 முதல் 60 வரை என்றது. எது தவறு என்று சண்டை வந்தது. இரண்டு பக்கங்களும் பார்வைக்கு ஒன்றுபோல நம்பகமாகவே இருந்தன. இப்படி ஒரு முரண்பாடு எழுவது ஆசிரியருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய கொடை. 'நான் சொல்கிறேன், இதுதான் சரி' என்று அதை உடனே முடித்து வைத்துவிடக் கூடாது. மூல ஆவணத்தின் மொழிபெயர்ப்பு எங்கே கிடைக்கும் என்று தேடச் சொன்னேன். கல்வெட்டறிஞர் வெங்கையா, இந்தியத் தொல்லியல் துறையின் 1904–05ஆம் ஆண்டறிக்கையில் இக்கல்வெட்டுகளை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்த அறிக்கை எண்மமாக்கப்பட்டு இணைய ஆவணக் காப்பகத்தில் (Internet Archive) கிடைக்கிறது. ஆங்கிலத்தில் இருந்த அந்தப் பகுதியை நான் தமிழில் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள்.

உண்மை என்னவென்றால், சோழ மன்னன் முதற் பராந்தகன் காலத்தில் அங்கே இரண்டு கல்வெட்டுகள் வெட்டப்பட்டன. முதலாவது 919ஆம் ஆண்டு. அதில் வயது வரம்பு 30க்கு மேல் 60க்குள். இரண்டே ஆண்டுகளில், 921இல், விதிகளைத் திருத்தி மறுபடி வெட்டினார்கள். அதில் 35க்கு மேல் 70க்குள். இரு குழுக்களும் கொண்டுவந்த எண்கள் சரியானவையே. ஆண்டைக் குறிப்பிடாமல் எண்ணை மட்டும் எடுத்துப் போட்டவர்களே குழப்பத்துக்குக் காரணம். விதிகளை வகுத்தவர்கள் இரண்டே ஆண்டுகளில் அவற்றை ஏன் மாற்றினார்கள் என்ற அடுத்த கேள்வி தானாகவே பிறந்தது.

மொழிபெயர்ப்பைப் படித்ததால் வேறு சிலவும் தெரியவந்தன. போட்டியிட வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீட்டில் வசிக்க வேண்டும், வேதப் பகுதிகள் தெரிந்திருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் நிற்கக் கூடாது. ஊர் 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட முப்பது பேரில் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை வாங்குபவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிட முடியாது. இந்த விரல் விதியைப் பிள்ளைகள் நடித்துப் பார்த்தார்கள். 'கால்வேலி' எவ்வளவு என்பதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி உதவியது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அந்தப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய எண்ம அகராதிகள் தளத்தில் இலவசமாகத் தேடலாம். கரும்பலகையில் எழுதியிருந்த 'பெண்கள் நின்றார்களா' என்ற கேள்விக்கும் 'யாரெல்லாம் நிற்கலாம்' என்ற கேள்விக்கும் பிள்ளைகளே விடை எழுதிக்கொண்டார்கள். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது வேதம் கற்ற பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊர். அந்தச் சபை பிராமணர் சபை. உலகின் முதல் மக்களாட்சி என்று பெருமை பேசும் பல பக்கங்கள் இந்தத் தகுதி விதிகளைச் சொல்லாமல் தாண்டிப் போகின்றன என்பதை ஒரு மாணவன் தானாகவே கவனித்துச் சொன்னான். பாடநூல் சொன்னது எதுவும் இதனால் பொய்யாகிவிடவில்லை. அதற்கு ஆழம் கிடைத்தது. இணையத்தால் பாடத்துக்கு வளமூட்டுவது என்று நான் சொல்வது இதைத்தான்.

தேடுவதில் உள்ள சில நுணுக்கங்களையும் இதே பாடம் கற்றுத் தந்தது. 'உத்திரமேரூர்', 'உத்தரமேரூர்' என இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். ஒன்றைக் கொடுத்துத் தேடும்போது மேலே வராத பக்கம் மற்றொன்றுக்கு வருகிறது. ஊர்ப்பெயர், ஆட்பெயர் ஆகியவற்றில் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. ஆகவே எழுத்து வேறுபாடுகளைத் தேடுவதற்கு முன்பே பட்டியலிட்டுக்கொள்வது நல்லது. 'சோழர்கள்' என்று ஒற்றைச் சொல்லைக் கொடுப்பதை விட, 'குடவோலை வயது வரம்பு கல்வெட்டு' என்று கேள்வியின் முக்கியச் சொற்களை அடுக்கிக் கொடுத்தால் பயனுள்ள பக்கங்கள் மேலே வரும். சொற்கள் அதே வரிசையில் சேர்ந்தே வர வேண்டுமானால் மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். முடிவுப் பட்டியலின் உச்சியில் விளம்பரம் என்ற சிறு குறிப்போடு வருபவை காசு கொடுத்து அந்த இடத்தைப் பிடித்தவை என்பதையும் ஒருமுறை விரல் வைத்துக் காட்டிவிட வேண்டும். பெரியவர்களிலேயே பலர் அந்தக் குறிப்பைப் பார்ப்பதில்லை.

ஒரு பக்கத்தை நம்பலாமா என்று எப்படி முடிவு செய்வது? பள்ளிகளில் வழக்கமாகச் சொல்லித் தரப்படும் வழி, பக்கத்தையே உற்றுப் பார்ப்பது: எழுத்துப்பிழை இருக்கிறதா, தோற்றம் ஒழுங்காக இருக்கிறதா, முகவரி 'ஆர்க்' (.org) என்று முடிகிறதா. இந்த அடையாளங்களை விலைக்கு வாங்கிவிடலாம். 'ஆர்க்' முகவரியை எவரும் பதிவு செய்துகொள்ள முடியும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதில் எனக்குக் கண்திறப்பாக இருந்தது. வரலாற்றறிஞர்கள் 10 பேர், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், கல்லூரி மாணவர்கள் 25 பேர் என 45 பேரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். வரலாற்றறிஞர்களும் மாணவர்களும் கொடுத்த பக்கத்தை மேலிருந்து கீழாகக் கவனமாகப் படித்து, பலமுறை அதன் தோற்றத்தைக் கண்டு ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ பக்கத்தைத் திறந்த சற்று நேரத்திலேயே அதை விட்டு வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்களே. இதற்குப் பக்கவாட்டு வாசிப்பு என்று பெயர். மாப்பிள்ளையின் குணத்தை மாப்பிள்ளை வீட்டிலேயே கேட்டால் என்ன தெரியும், அக்கம்பக்கத்தில் அல்லவா விசாரிக்க வேண்டும் என்று சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடுகிறது.

படங்களுக்கும் இதே விசாரணை பொருந்தும். தீபாவளி வந்தால் ஆண்டு தவறாமல் வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றும்: பல வண்ண ஒளிப்புள்ளிகளால் மின்னும் இந்திய வரைபடம், 'தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து நாசா எடுத்தது' என்ற குறிப்போடு. வகுப்பில் இதைக் காட்டி, படத்தைக் கொண்டே தேடும் வசதியைப் பயன்படுத்தச் சொன்னால் பத்து நிமிடத்தில் கதை வெளியாகிவிடும். அது ஓர் இரவில் எடுத்த ஒளிப்படமே இல்லை. 1992 முதல் 2003 வரையிலான அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் தரவுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மக்கள்தொகை பெருகியதால் நகர விளக்குகள் எப்படிப் பரவின என்பதைக் காட்ட, காலகட்டத்துக்கொரு வண்ணம் கொடுத்து, அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவின் அறிவியலாளர் உருவாக்கிய கலவைப் படம். உண்மையான தீபாவளிக் கால இரவுப் படம் ஒன்றைச் சுவோமி என்பிபி என்ற செயற்கைக்கோள் 2012 நவம்பர் 12 அன்று எடுத்தது. நாசா அதை வெளியிட்டு, தீபாவளி விளக்குகளால் கூடும் வெளிச்சம் விண்ணிலிருந்து பார்த்தால் தனியாகத் தெரியாத அளவுக்கு மெல்லியது என்று விளக்கியது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், பொய்யான படம் எவ்வளவு அழகாகவும் உண்மையான படம் எவ்வளவு சாதுவாகவும் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளே சொல்லிச் சிரிப்பார்கள். அன்று மாலை வீட்டில் சித்தப்பாவுக்கு வகுப்பு எடுத்தவர்களும் உண்டு.

இனி, தமிழில் என்ன கிடைக்கிறது என்ற கேள்வி. நினைப்பதை விட அதிகமாகவே கிடைக்கிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. தரம் கட்டுரைக்குக் கட்டுரை மாறும் என்பதால், அதை விடையாகக் கொள்ளாமல் அடிக்குறிப்புகளுக்குச் செல்லும் வாசலாகக் கொள்வது நல்லது. ஒவ்வொரு கட்டுரைக்கும் 'வரலாறு' என்ற பகுதி இருக்கிறது. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது அதில் வரிக்கு வரி தெரியும். அறிவு என்பது பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் ஒன்று என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான சான்று வகுப்பறையில் எனக்குக் கிடைத்ததில்லை. பழந்தமிழ் நூல்களுக்கு மதுரைத் திட்டம் உண்டு. 1998 பொங்கலன்று முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கியது, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வளர்த்தது, திருக்குறளே அதன் முதல் நூல். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் பழைய இதழ்களும் இருக்கின்றன. இலங்கைத் தமிழரின் நூல்களையும் இதழ்களையும் தேடுவோருக்கு 2005இல் தொடங்கிய நூலகம் எண்ம நூலகம் இருக்கிறது. சிறு வகுப்புகளுக்குப் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகள் தமிழில் கிடைக்கின்றன. அவற்றை அச்சிட்டு நூலகத்தில் தொங்கவிடவும் உரிமை உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சாகியிருக்கும் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் படித்தால் மத்திய அரசின் திக்ஷா கல்வித் தளத்தில் அந்தப் பாடத்துக்குரிய காணொளிகள் திறக்கும். அந்தக் கட்டத்தை அழகுக்குப் போட்டது என்று நினைத்திருந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

அறிவியல் பாடத்தில் படிப்பதை விடச் செய்து பார்ப்பது முக்கியம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் பாவிப்புச் (சிமுலேஷன்) செயலிகளில் மின்சுற்று, ஊசல், அழுத்தம் போன்றவற்றைத் திரையிலேயே மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இருந்தாலும் பேட்டரியும் கம்பியும் டார்ச் பல்பும் கையில் இருக்கும்போது திரையில் சுற்று அமைப்பதை நான் ஏற்க மாட்டேன். கையால் அமைத்த பிறகு, கம்பிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் எலக்ட்ரான் நகர்வதைக் காட்டத்தான் திரை வேண்டும்.

இதெல்லாம் சரி, இணையம் வர வேண்டாமா என்று கேட்பீர்கள். வகுப்பு நேரத்தில் இணையத்தை நம்பாதீர்கள் என்பதே என் பதில். மின்வெட்டு, சுழன்றுகொண்டே இருக்கும் வட்டம், காணொளிக்கு நடுவே புகும் சூதாட்ட விளம்பரம் என மூன்றையும் நான் அனுபவித்துவிட்டேன். மூன்றாவது நிகழ்ந்தபோது புரொஜெக்டர் முன் தலைமையாசிரியரும் நின்றிருந்தார். அன்றிலிருந்து காட்டப் போகும் எதையும் முந்தின நாள் வீட்டிலேயே திறந்து பார்த்து, பதிவிறக்க அனுமதி உள்ளதைப் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். கிவிக்ஸ் என்ற இலவசச் செயலியைக் கொண்டு தமிழ் விக்கிப்பீடியா முழுவதையுமே ஒரு கோப்பாக இறக்கி, இணையமே இல்லாத நூலகக் கணினியில் தேடிப் படிக்கலாம். ஃபெட் செயலிகளில் பலவற்றையும் அப்படி இறக்கிக்கொள்ளலாம். கணினி ஒன்றே ஒன்று என்றால் நூலக மூலையில் அதை வைத்து, வாரத்துக்கு ஒரு குழு என்று முறைவைத்தால் போதும். கணினியே இல்லை, ஆசிரியரின் கைப்பேசி மட்டும்தான் என்றாலும், கண்டெடுத்த ஒரு படத்தையும் ஒரு பத்தியையும் அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது இணையவழிக் கற்றலே.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பிரவுசிங் சென்டர்காரரின் இடத்தை இப்போது அவை பிடித்துக்கொண்டன. கேட்டதும் சரளமான தமிழில் ஒரு பக்கம் எழுதித் தருகின்றன. ஆனால் எந்தச் சுவரில், எந்த அறிக்கையில், எந்த ஆண்டில் என்று துருவினால், இல்லாத நூலுக்கும் பக்க எண் கொடுக்கும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. நான் அவற்றைத் தடை செய்யவில்லை. உரையாடி தந்த விடையைத் தாளின் இடப்பக்கம் ஒட்டி, ஒவ்வொரு வரிக்கும் நேரே வலப்பக்கத்தில் சான்று எங்கே கண்டாய் என்று எழுதச் சொல்கிறேன். சான்று கிடைக்காத வரிகளைச் சிவப்பு மையால் அடித்துவிட வேண்டும். அந்தப் பயிற்சியைப் பிள்ளைகள் ஒரு விளையாட்டைப் போல உற்சாகமாகச் செய்கிறார்கள்.

பதிப்புரிமை பற்றிச் சுருக்கமாக: இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவருடைய எழுத்துக்கு உரிமை நீடிக்கும், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களுக்கும், படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் வெளியானவற்றுக்கும் அந்தத் தடை இல்லை. வகுப்பில் பாடம் நடத்துவதற்காகப் படியெடுக்க 1957ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது. அதைப் பள்ளி மலரில் அச்சிடுவதும் இணையத்தில் மறுபடி ஏற்றுவதும் வேறு. படம் எடுத்தவர் பெயரை அடியில் எழுதும் பழக்கத்தை ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடலாம். பிள்ளைகளின் பெயர், படம், பிறந்த நாள் ஆகியவற்றைக் கேட்கும் எந்தத் தளத்திலும் அவர்களைக் கணக்குத் தொடங்க வைக்காதீர்கள். 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது.

கடைசியாக, இந்தத் தேடலெல்லாம் நூலகத்துக்குத் திரும்பி வருவதற்கு ஓர் எளிய ஏற்பாடு செய்திருக்கிறோம். பீரோவில் உள்ள நூல்களில், இணையத்தில் துணைப் பக்கம் கிடைத்தவற்றுக்குள் ஒரு தடித்த அட்டை இருக்கும். அட்டையில் பதிவேட்டு எண், அந்தப் பக்கத்தைத் திறக்கும் கியூஆர் குறியீடு, அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு வரி, சரிபார்த்த நாள். குறியீட்டை உலாவியிலேயே இலவசமாக உருவாக்கிக்கொள்ளலாம். இணையப் பக்கங்கள் சாகும். சரிபார்க்கும்போது திறக்காத ஒன்றை, இணைய ஆவணக் காப்பகம் 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்கும் வேபேக் மெஷினில் பழைய முகவரியைக் கொடுத்துத் தேடினால் பல நேரம் அதன் முந்தைய படி கிடைத்துவிடுகிறது. கிடைக்காவிட்டால் பதிவேட்டில் சிவப்புக் கோடு, அட்டை குப்பைக்கு. ஆண்டுக்கு இரண்டு முறை இந்தச் சரிபார்ப்பை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே செய்கிறார்கள்.

அட்டையின் பின்புறம் வெற்றிடம் விட்டிருக்கிறோம், படித்தவர்கள் கேள்வி எழுதுவதற்காக. சோழர் வரலாற்று நூலில் இருக்கும் அட்டையின் பின்னால், 'ஏரி வாரியத்துக்கு மட்டும் ஏன் 6 பேர்? ஏரி சின்னதா?' என்று பென்சிலால் எழுதியிருந்தது. அதைப் படித்த இன்னொரு குழு, கல்வெட்டுக் காலத்தில் வயிரமேக தடாகம் என்று பெயர் பெற்றிருந்த உத்திரமேரூர் ஏரியைச் செயற்கைக்கோள் வரைபடத்தில் தேடிப் பிடித்து, தூரம் அளக்கும் கருவியைக் கரை நெடுகப் புள்ளி புள்ளியாக நகர்த்தி அளந்தது. ஏரி சின்னது இல்லை. அளந்த வரைபடத்தின் அச்சுப்படி, கரையில் சிவப்பு மைப் புள்ளிகளோடு, இப்போது அதே நூலுக்குள் அட்டையோடு சேர்த்துச் செருகியிருக்கிறது. அட்டையில் கேள்வி எழுத இடம் தீர்ந்துவிட்டதால் இரண்டாவது அட்டை ஒட்டியிருக்கிறோம்.